கடித்தது ஒன்று, பிடித்துப்போனது வேறொன்று

"டாக்டர் சார், இது தடை பண்ணுன ஜாதியா இல்லையான்னு ஒரு பேப்பர்ல எழுதித் தரணும்."

போன மாதம் இரவு பத்தரை மணிக்கு ஒரு காவல் நிலையத்திலிருந்து வந்த போன். இந்த வருஷத்தில் இது நான்காவது. எந்த வீட்டு நாய் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வயதுப் பெட்டை ராட்வைலர். குட்டியிலிருந்து வருஷம் தவறாமல் அதற்கு ஊசி போடுகிறவன் நான்தான்.

குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் ஒரு ரப்பர் தோட்டம். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவரின் கெண்டைக்காலை ஒரு நாய் கவ்விவிட்டது. இருட்டில் அவர் கண்டது "கறுத்த வல்லிய பட்டி" (எங்கள் ஊர்ப் பேச்சில் பெரிய கறுப்பு நாய்), அவ்வளவுதான். அந்தப் பக்கம் இரண்டு வீட்டில் கறுப்பு நாய் உண்டு. ஒன்று இந்த ராட்வைலர். மற்றது லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது. ராத்திரி அவிழ்த்துவிட்டால் விடிந்த பிறகுதான் வீடு திரும்பும். ஊரார் கைகாட்டியது ராட்வைலரை. "அதத்தானே கவர்மென்டு தடை செஞ்சிருக்கு" என்று ஒருவர் சொல்ல, போலீஸ் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அந்த வீட்டுப் பாட்டி என் கிளினிக் வாசலில் நின்று அழுதார். "டாக்டரே, அது கூட்டுல கெடந்த பட்டியாக்கும். தாக்கோலு எனக்க மடியில இருந்து." தாக்கோல் என்றால் சாவி.

மூன்றாம் நாள் அதே தோட்டத்தில் இன்னொருவருக்குக் கடி விழுந்தது. அப்போது ராட்வைலர் ஸ்டேஷனுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது.

கடித்த நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்க வேண்டும். அதற்கு வெறி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இங்கே கண்காணித்தது கடிக்காத நாயை. கடித்த கலப்பு நாய்க்கு ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. முதலில் கடிபட்டவரின் மனைவி என்னிடம் கேட்டார்: "அந்தப் பட்டி நல்லாத்தானே இருக்கு சாரே, மிச்ச ஊசியும் போடணுமா?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் தொடங்கிய ஊசியை அவர் கணவர் நிறுத்தாமல் போட்டு முடித்தார். தவறான நாயைப் பிடிப்பது நாய்க்கு மட்டும் செய்யும் அநியாயம் இல்லை. கடிபட்டவரின் உயிரோடு விளையாடுவது.

இனி அந்தத் 'தடை' என்ன என்று பார்ப்போம். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, வளர்க்கவோ, விற்கவோ உரிமம் தராதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்பது அதன் சாரம். ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏப்ரல் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. அடுத்த மாதம் சென்னைப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் குதறிய பிறகு தமிழக அரசு இதே பட்டியலை வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புது உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. அது அந்த மாநகராட்சி எல்லைக்கு உட்பட்டது. வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுவதோ அந்தப் பழைய பட்டியல்தான்.

அந்தப் பட்டியலை ஒரு கால்நடை மருத்துவராக வாசித்தால் வயிறு எரியும். ஜப்பானிய டோசா அதில் இரண்டு இடத்தில் வருகிறது. 'டெரியர்கள்' என்று மொத்தமாக ஒரு சொல். மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்‌ஷயர் டெரியரும் ஒரு டெரியர்தான். கடைசியில் 'பேன் டாக்' வகை எல்லாம் என்று ஒரு வரி. பேன் டாக் என்பது ஓர் இனமே கிடையாது. பழைய இங்கிலாந்தில் கட்டிப்போட்டு வளர்த்த காவல் நாய்க்கு அந்தப் பெயர். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் மாவட்டத்தில் சங்கிலியில் கிடக்கும் நாய் எல்லாமே பேன் டாக்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, முகத்தைப் பார்த்தே நாய் என்ன ஜாதி என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. இருபது வருஷம் நாய் பார்த்த நானே பல நேரம் தவறாகச் சொல்லியிருக்கிறேன். தலை அகலமாக, மயிர் குட்டையாக, நெஞ்சு விரிந்திருந்தால் அது பிட்புல் என்கிறார்கள். பாக்ஸரும் நாட்டு நாயும் சேர்ந்து பிறந்த குட்டிக்கும் அதே முகம் வரும். குமரியில் விற்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் கலப்பு என்பது என் அனுபவம். தாய் தகப்பன் யார் என்று விற்றவனுக்கே தெரியாது. சரி, இனம் சரியாகவே தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் குணம் தெரியாது. 18,000-க்கும் அதிகமான நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது அது. அப்புறம், பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது பச்சைப் பொய். எல்லா நாய்க்கும் இருக்கும் அதே தாடை மூட்டுதான் அதற்கும்.

இங்கிலாந்தைப் பார் என்பார்கள். அங்கே 1991-லேயே நான்கு இனங்களைத் தடை செய்தார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் எக்ஸ்எல் புல்லி நாயையும் விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருக்க முடியாது. தோற்றத்தையும் அளவையும் வைத்துத்தான் அங்கேயும் முடிவு. அந்த ஜாதி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வளர்த்தவன். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் லெனக்ஸ் என்ற நாயை அளந்து பார்த்து 2010-ல் பிடித்தார்கள். இரண்டு வருஷம் அடைத்துவைத்து 2012 ஜூலையில் கொன்றார்கள். நெதர்லாந்து இதே மாதிரி தடையைப் பதினைந்து வருஷம் வைத்திருந்து, நாய்க்கடி குறையவில்லை என்று 2008-ல் கைவிட்டது.

பெரிய நாய் கடித்தால் சேதம் அதிகம். அதை நான் மறுக்கவில்லை. கிழிந்த சதையை நானும் பார்த்தவன். அதனால்தான் சொல்கிறேன், சட்டம் நாயின் பெயரைப் பார்க்கக் கூடாது, சங்கிலியின் மறுமுனையைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதா 291-ஆம் பிரிவு: தன் வசம் இருக்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் எந்த ஜாதி நாயின் பெயரும் இல்லை. அந்தக் கலப்பு நாயை ராத்திரி அவிழ்த்துவிட்டவர் மீது அந்தப் பிரிவில் இன்றுவரை வழக்கு இல்லை.

வளர்க்கிறவர்களே, உங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் போட்டுவிட்டு ராத்திரி தோட்டத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். நாலு மணிக்குப் பால்வெட்டுகாரர் வருவார் என்று உங்களுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய் முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்கி வராதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே விதிமீறல். காதை வெட்டித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். வெளியே கூட்டிப்போனால் வாய்மூடி போடுங்கள். தடுப்பூசி அட்டையும் நாயின் போட்டோவும் வீட்டில் இருக்கட்டும். நாயைப் பிடித்துப்போனால் ஸ்டேஷனில் சண்டை வேண்டாம். எழுத்தில் ரசீது கேளுங்கள். அடுத்த நாளே ஒரு வக்கீலைப் பிடித்து, இடைக்காலமாகத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.

போலீஸ் நண்பர்களே, என்னிடம் இனச் சான்று கேட்காதீர்கள். கடித்தது எது, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா, யார் அவிழ்த்துவிட்டார் என்று கேளுங்கள். இதற்கு நான் எந்த நேரமும் வருவேன்.

பாட்டியின் நாய் பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தது. கழுத்தில் கயிறு அறுத்த புண், நாலு கிலோ எடை குறைவு. இப்போதும் மருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். செய்தியைப் பார்த்துப் பயந்து, வளர்த்த நாயை ராத்திரியோடு ராத்திரியாகத் திற்பரப்புப் பக்கமோ ஹைவே ஓரமோ இறக்கிவிடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். என்னிடம் கொண்டு வாருங்கள். கருத்தடைக்குக் காசு வாங்க மாட்டேன். வளர்க்க ஓர் ஆளும் தேடிப் பார்ப்போம்.