மெரிட்: தகுதியா, வரிசையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சிலிங் முடிந்ததும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காது கொடுத்தால் "பையனுக்கு மெரிட்லயா, மேனேஜ்மென்ட்லயா?" என்ற கேள்வி எப்படியும் விழும். காசு கொடுக்காமல் மார்க்கால் வாங்கிய இடம், அவ்வளவுதான் இங்கே மெரிட்டுக்குப் பொருள். இதைத் தமிழில் எழுதச் சொன்னால் யோசிக்காமல் 'தகுதி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

சொல்லின் ஊர் லத்தீன். 'மெரேரி' என்றால் சம்பாதிப்பது, உழைத்துத் தனக்கு உரியதாக்கிக்கொள்வது. அதிலிருந்து 'மெரிட்டும்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'மெரிட்'. பணிக்காலம் முடித்து விடுவிக்கப்பட்ட ரோமானியப் படைவீரனை 'எமரிட்டஸ்' என்றார்கள், இன்று ஓய்வுபெற்ற பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் போடுவதும் அதே சொல்தான்.

சரி, தகுதிக்கு என்ன குறை? 'தகு' என்ற வினையடியில் பிறந்தது, தக்கார், தகவு எல்லாம் அதன் உறவுக்காரர்கள். ஆனால் இன்றைய வழக்கில் அது வாசலோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு, எம்எல்ஏ தகுதி நீக்கம் என்கிறோம். 25 வயது நிரம்பியவருக்குச் சட்டமன்றத் தேர்தலில் நிற்க வயதுத் தகுதி உண்டு, ஆனால் ஜெயித்தபின் அவர் ஊருக்கு என்ன செய்தார் என்று டீக்கடையில் அலசுகிறோமே, அதற்கு இந்தச் சொல் போதாது. இன்னொரு வேடிக்கை, குறளில் 'தகுதி எனவொன்று நன்றே' (111) என்று வரும் இடத்தில் தகுதிக்கு நடுவுநிலைமை என்றுதான் உரை. அதாவது எடை போடுகிறவனிடம் இருக்க வேண்டிய குணம்!

எடை போடப்படுகிறவனின் மதிப்புக்குச் சங்கப் புலவர்கள் வைத்திருந்த சொல் 'வரிசை'. கோவலூரை ஆண்ட காரியிடம் கபிலர் சொல்கிறார் (புறநானூறு 121): நாலு திசையிலிருந்தும் பரிசில் கேட்டு வருவார்கள், அள்ளிக் கொடுப்பது எளிது, 'வரிசை அறிதலோ அரிதே', அதனால் புலவர்களை எல்லாம் ஒரே மாதிரி பார்க்கும் 'பொதுநோக்கு' வேண்டாம். குறளும் (528) அதே இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறது.

அந்தக் கோவலூரை அடித்து நொறுக்கிய நம்ம தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமான் மட்டும் என்ன? மலையெல்லாம் தாண்டிப் பெருஞ்சித்திரனார் வந்து நிற்கிறார். அதியமான் நேரில் பார்க்காமலே 'இதைக் கொண்டு போகட்டும்' என்று பரிசில் கொடுத்தனுப்புகிறான். என்னை எப்படி அறிந்தான் என்று புலவருக்குச் சுருக்கென்கிறது. காணாமல் கொடுத்த இந்தப் பொருளுக்கு 'யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்', என் அளவை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார் (புறநானூறு 208). கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கே இந்தப் பேச்சு என்றால், ஆளைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்து விருது கொடுக்கிற நம் காலத்துக் கமிட்டிகளை அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

இன்றைக்கும் இந்தப் பக்கம் இரண்டு விதமாகவும் மதிப்பிடுகிறார்கள். கிருஷ்ணகிரி எருது விடும் விழாவில் வேலை சுலபம், குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த நொடியில் கடந்ததோ அதற்குப் பரிசு, எவர் வீட்டு மாடு என்ற பேச்சுக்கு இடமில்லை. பாரதக் கூத்தில் அப்படி முடியாது. துரியோதனன் வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வந்ததும் முன்வரிசைக் கிழவர்கள் அடவு தாளத்தில் விழுகிறதா, விடியற்காலையிலும் குரல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த நேரம் பார்த்து மைக்கில் 'இன்னார் அன்பளிப்பு நூறு ரூபாய்' என்று வேறு அறிவிப்பு ஓடும். ரூபாயை எண்ணி ஆட்டத்தை மதிப்பிடுகிறவர் அந்தக் கிழவர்களில் யாருமில்லை. கபிலர் சொன்ன வரிசை அறிதல் இதுதான்.

பேச்சுவழக்கில் வரிசை இப்போது கியூ ஆகிவிட்டது, பழைய மரியாதை சீர்வரிசையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் 'மெரிட் லிஸ்ட்' என்பதற்குத் 'தரவரிசைப் பட்டியல்' என்று செய்திகளில் எழுதுவது நல்ல தமிழ். மெரிட் சீட்டை 'தரவரிசையில் கிடைத்த இடம்' எனலாம். உள்ளே நுழைய வேண்டிய வயது, படிப்பு போன்றவற்றுக்குத் தகுதி. அப்புறம் கோர்ட் செய்திகளில் 'வழக்கின் தகுதி அடிப்படையில்' என்று எழுதுகிறார்களே, அங்கே 'வழக்கின் வலு' என்று போட்டால் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.