மெட்டாகேம்: 'மீவிளையாட்டு' அன்று, 'ஆட்டவழக்கு'

போக்கிமான் போட்டி ஆட்டங்களைத் தமிழில் விளக்குவோர் சிலர் 'மெட்டாகேம்' என்பதை, அதாவது ஆடுவோர் பலரும் எதைத் தேர்கின்றனர் என்பதால் உருவாகும் நிலைமையை, 'மீவிளையாட்டு' என்று எழுதியும் சொல்லியும் வருகின்றனர். "இந்த அணி இன்றைய மீவிளையாட்டுக்குப் பொருந்தாது" என்ற வாக்கியத்தைக் கேட்கும் புதியவர், ஏதோ பெரிய விளையாட்டு ஒன்று நடக்கவிருப்பதாகவும் அதற்கு இந்த அணி போதாது என்றும் புரிந்துகொள்வார். அவர்மேல் குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. தமிழாக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'மெட்டா' என்று மட்டும் சொன்னால் இப்போது பலருக்கு முகநூல் நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது என்பதால் அதற்கான தேவை கூடியும் இருக்கிறது. ஆனால் மூலச்சொல்லைவிட அதிகமாகக் குழப்பும் ஒன்றைத் தமிழ் வேர் உடையது என்பதற்காகவே ஏற்றுக்கொள்ள இயலாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மெட்டா' என்பது 'பிறகு', 'அப்பால்' என்னும் பொருள்களைத் தரும் கிரேக்க இடைச்சொல். அரிஸ்டாட்டிலின் எழுத்துகளைத் தொகுத்தபோது இயற்பியலுக்குப் பின்னால் வைக்கப்பட்டவை 'மெட்டாபிசிக்ஸ்' எனப் பெயர் பெற்றன என்பது பரவலான விளக்கம். 'அதற்கும் மேற்பட்டது' என்ற கருத்து அந்தச் சொல்லின் மேல் பிற்காலத்தில் ஏறியது. ஆட்டக் கோட்பாட்டில் நைஜல் ஹோவர்டு 1971இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'மெட்டாகேம்' இருக்கிறது. 1993இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டத்தை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டும் அதை ஆடியவர்களும் அச்சொல்லைப் புழக்கத்தில் விட, அங்கிருந்து அது கணினி விளையாட்டுகளுக்கு வந்து சேர்ந்தது. 'கிடைக்கும் உத்திகளுள் மிகுந்த பயன் தருபவை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே 'மெட்டா' என்பது பின்னாளில் கட்டிய கதை. அதைச் சொற்பிறப்பு என்று சொல்லித்தருவதை நிறுத்திக்கொள்வது நல்லது.

சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அணி கட்டுபவர் அதைக் கொண்டு எதைச் சுட்டுகிறார் என்பதே நமக்கு முதன்மையானது. போக்கிமான் விளையாட்டு வரிசையில் ஒன்பதாம் தலைமுறையின் ஒற்றையர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோல்டெங்கோ என்னும் போக்கிமானின் தனித்திறன், எதிரி அதன்மேல் ஏவும், நேரடியாகச் சேதம் செய்யாத நிலைமாற்ற வித்தைகள் எதையும் பலிக்க விடாது. அதனால் களத்தில் தூவிய கற்களையும் முட்களையும் அகற்றும் 'டிஃபாக்' அதன் எதிரில் செல்லாது; அது பேய் வகையும் கூட என்பதால் அதே வேலையைச் செய்யும் 'ராப்பிட் ஸ்பின்'னும் அதன்மேல் படாது. ஆகவே பலர் அதை அணியில் சேர்க்கத் தொடங்கினர். அகற்ற முடியாத கற்களும் முட்களும் உள்ளே வரும் ஒவ்வொரு போக்கிமானையும் குத்தியதால், அவற்றிலிருந்து காக்கும் 'ஹெவி டியூட்டி பூட்ஸ்' அணியாத போக்கிமானைக் காண்பதே அரிதாகியது. எல்லாரும் பூட்ஸ் அணிந்துவிட்டதால், எதிரி கையில் வைத்திருக்கும் பொருளைத் தட்டிவிடும் 'நாக் ஆஃப்' இன்னும் மதிப்புப் பெற்றது. இந்த மாற்றங்களில் ஒன்றுகூட விளையாட்டின் விதி மாறியதால் வந்ததன்று. பிறர் எதைப் பயன்படுத்துகின்றனர் என்பதை அறிந்து ஒருவர் செய்த தேர்வும், அந்தத் தேர்வை அறிந்து இன்னொருவர் செய்த தேர்வுமாக நீளும் இந்தச் சங்கிலிதான் மெட்டாகேம்.

இதையே எண்ணளவில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கிரேட் டஸ்க் என்னும் இன்னொரு போக்கிமானின் அடிப்படை வேகம் 87, கோல்டெங்கோவினுடையது 84. வேகத்தைக் கூட்டும் இயல்பும் வேகத்தில் உச்ச அளவான 252 பயிற்சிப் புள்ளிகளும் கொடுத்தால், நூறாம் நிலையில் கோல்டெங்கோ 293ஐத் தொடும். கிரேட் டஸ்க் 300ஐத் தொடும். கோல்டெங்கோவை முந்துவது மட்டுமே நோக்கமென்றால் அதே இயல்புடைய கிரேட் டஸ்க்குக்கு 232 புள்ளிகள் போதும். அப்போது அதன் வேகம் 294. மிஞ்சும் 20 புள்ளிகளை உயிரிலோ தற்காப்பிலோ போடலாம். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் எதிரில் வருவது 252 புள்ளிகளையும் வேகத்திலேயே போட்ட இன்னொரு கிரேட் டஸ்க் என்றால் அது நம்மை முந்திவிடும். 232 சரியா, 252 சரியா என்பதற்கு விளையாட்டின் விதிநூலில் விடை கிடையாது. இந்த மாதம் எதிரணிகளில் எது அதிகம் தென்படுகிறது என்பதுதான் விடை. அணியைக் கட்டி முடித்து, இணையத்தில் போக்கிமான் ஆட்டங்களை ஆடும் ஷோடவுன் தளத்தில் வெள்ளோட்டம் விடுவதன் நோக்கமும் இதுவே. சேதம் எவ்வளவு என்பதைக் கணிப்பான் முன்கூட்டியே சொல்லிவிடும். எதிரில் யார் வருவார், எந்தப் பொருளோடு வருவார் என்பதை ஆடித்தான் அறிய வேண்டும்.

இனி 'மீவிளையாட்டு'க்கு வருவோம். அதன் ஆதரவாளர்கள் கூறும் காரணம் ஒன்றே: 'மெட்டா' என்பதற்கு 'மீ' என ஏற்கெனவே வழங்குகிறோம், மீத்தரவு என்கிறோம், எனவே மீவிளையாட்டு. முன்னொட்டுக்கு முன்னொட்டைப் பொருத்திவிட்டால் சொல்லாக்கம் முடிந்தது என்னும் நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை 'மீ' என்பதை முதலில் சந்திப்பது எங்கே? மீப்பெரு பொது வகுத்தியிலும் மீச்சிறு பொது மடங்கிலும். அங்கே அதன் பொருள் 'மிகவும்', 'எல்லாவற்றிலும்' என்பது. அடுத்து மீயொலி வருகிறது. அது நம் செவிக்கு எட்டாத உயர் அதிர்வு. பின்னர் மீக்கடத்தி, மீக்கணினி, மீயுரை. ஆங்கிலத்தில் 'சூப்பர்', 'அல்ட்ரா', 'ஹைப்பர்' என்று தனித்தனியாக நிற்கும் மூன்று சுமைகளையும் இந்த ஓரெழுத்து ஏற்கெனவே தாங்குகிறது. நான்காவதாக 'மெட்டா'வையும் ஏற்றினால், மீவிளையாட்டு என்பதைப் படிப்பவர் 'சூப்பர் விளையாட்டு' என்றே புரிந்துகொள்வார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டக் கோட்பாட்டில் 'சூப்பர்கேம்' என்றே தனியாக ஒரு கலைச்சொல் இருக்கிறது; ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதை அது குறிக்கும். நாளை அதற்குத் தமிழ் தேடுபவர் எதைக் கொண்டு போவார்?

'விளையாட்டு' என்னும் பின்பாதியும் பொருந்தவில்லை. மெட்டாகேம் என்பது ஆடப்படும் பொருளன்று. அதற்குத் தொடக்கமில்லை, முடிவில்லை, வென்றவர் தோற்றவர் இல்லை. அது ஒரு நிலைமை. மேலும் 'விளையாட்டாகச் சொன்னேன்' என்கிற பேச்சில் அச்சொல் பொறுப்பின்மையின் பக்கம் சாய்ந்துவிட்டது. சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம், ஆட்டக் கோட்பாடு என்று போட்டிக்கும் கணக்குக்கும் உரிய இடங்களில் 'ஆட்டம்' கச்சிதமாக நிற்கும்போது அதை விட்டுவிட்டு நீண்ட சொல்லை நாடுவானேன்?

'மேல்நிலை ஆட்டம்' என்றும் ஒரு மொழிபெயர்ப்பைக் கண்டேன். மேல்நிலைப் பள்ளி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றின் வரிசையில் அதுவும் நிற்கட்டும். 'உத்தி' என்று சுருக்குவோரும் உண்டு. உத்தி ஒருவருடையது, மெட்டாகேம் எல்லாருடையது என்பதால் அது சேராது. 'ஆட்டச்சூழல்' என்பது மதிக்கத்தக்க முயற்சி, புரியவும் செய்கிறது. ஆயினும் சூழல் என்றால் நம்மைச் சுற்றித் தானாக அமைந்தது என்ற எண்ணம் வருகிறது. இங்கே இருப்பதோ ஆடுபவர்கள் தங்கள் தேர்வுகளால் நாள்தோறும் உண்டாக்குவது.

அதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது: வழக்கு. பலரும் எதைக் கையாளுகிறார்களோ அது வழக்கு. தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும்' என இரண்டையும் சேர்த்து வைத்து, அவற்றை முதலாகக் கொண்டே இலக்கணம் ஆராயப்பட்டதாகக் கூறுகிறது. 'வழங்கு' என்னும் வினையிலிருந்து பிறந்தது ஆகையால், நிலையாக நில்லாமல் புழங்கிக்கொண்டே இருப்பது என்ற குறிப்பும் அதற்குள் உண்டு. எனவே மெட்டாகேம் என்பதை 'ஆட்டவழக்கு' என்கிறேன். ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வெறும் 'வழக்கு' போதும். 'களவழக்கு' என்றும் சொல்லலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும்; சற்று விரைந்து சொன்னால் அது களவு வழக்காகிக் காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

இச்சொல் இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை போக்கிமான் போட்டி ஆட்டங்களுக்கான இணையக் குழுமமாகிய ஸ்மோகனின் படிநிலைகளே காட்டுகின்றன. போக்கிமான்களைப் பெரும்பாலும் வலிமையை எடைபோட்டு அவர்கள் பிரிப்பதில்லை; மிகைப்பயன்பாடு, குறைபயன்பாடு, அரும்பயன்பாடு என்று வழங்கும் அளவைக் கொண்டு பிரிக்கின்றனர். இருபது ஆட்டங்கள் ஆடினால் ஒரு முறையேனும் எதிர்ப்படுவதற்குச் சரிபாதி வாய்ப்புள்ள போக்கிமான் மேல்படிக்கு உரியது என்ற கணக்கில் முன்பு 3.41 விழுக்காடு எல்லையாக இருந்தது. பின்னர் அதைப் பதினைந்து ஆட்டங்களாகக் குறைத்து எல்லையை 4.52 விழுக்காடாக உயர்த்தினர். ஒவ்வொரு மாதமும் வெளியாகும் பயன்பாட்டுப் பட்டியலும் ஆடுபவரின் தரப்புள்ளிக்கு ஏற்பத் தனித்தனியாக வருகிறது, ஏனெனில் தரவரிசை ஏணியின் அடியில் வழங்குவது வேறு, உச்சியில் வழங்குவது வேறு. வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்று பிரித்துப் பழகிய நமக்கு 'ஏணி வழக்கு', 'போட்டி வழக்கு', 'இரட்டையர் வழக்கு' என்று சொல்வதில் எந்தத் தடையும் இல்லை. 'ஏணி மீவிளையாட்டு' என்று சொல்லிப் பாருங்கள்.

நல்ல சொல் குட்டி போடும். 2023 டிசம்பரில் 'இண்டிகோ டிஸ்க்' கூடுதல் பகுதி வெளிவந்து ரேஜிங் போல்ட் போன்ற புதியவற்றையும் பல பழைய போக்கிமான்களையும் உள்ளே விட்டபோது, அதற்கு முந்தைய அணிகள் பல வழக்கொழிந்தன. ஒருவர் யாரும் தொடாத போக்கிமானைக் கொண்டுவந்தால் அது வழக்கிறந்தது அல்லது வழக்கில் இல்லாதது. பரவலான அணிகளை வீழ்த்துவதற்கென்றே கட்டிய அணி வழக்கெதிர் அணி. இவற்றை யாரும் உட்கார்ந்து புனைய வேண்டியதில்லை, பாதி ஏற்கெனவே அகராதியில் இருக்கின்றன.

வழக்கு என்றால் நீதிமன்றம்தானே நினைவுக்கு வரும் என்ற மறுப்பு வலுவற்றது; 'உலக வழக்கு' என்றதும் யாரும் வழக்கறிஞரைத் தேடுவதில்லை. இரண்டாவது மறுப்புக்கு மதிப்புண்டு. வழக்கு என்பது பெரும்பான்மையோர் செய்வதை மட்டும் குறிக்கிறது, மெட்டாகேமோ அதை முன்னறிந்து மிஞ்சுவதையும் உள்ளடக்குகிறது என்பர். இதற்கு 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியைப் பார்க்கலாம். மெகா கங்காஸ்கான் என்னும் போக்கிமான் கோலோச்சிய அந்த ஆண்டில் தென்கொரியாவின் பாக் சே-ஜுன், அடிப்படைப் புள்ளிகள் எல்லாம் கூட்டினாலும் 405க்கு மேல் வராத பச்சிரிசு என்னும் அணில் போன்ற போக்கிமானோடு வந்து பட்டம் வென்றார். அது எதிரியின் தாக்குதல்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மின் தாக்குதல் பட்டால் உயிர் கூடும். மின்சாரத்துக்கு நடுங்கும் கியாரடாஸைப் பக்கத்தில் நிறுத்தியவருக்கு வேறென்ன வேண்டும்? அவர் வழக்கை மீறினார் என்று சொல்கிறோம். மீறுவதற்கு வழக்கு என ஒன்று இருந்ததும், அதை அவர் மற்றவர்களைவிடத் தெளிவாக அறிந்திருந்ததும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே மறுப்பாக வந்தது ஆதரவாகவே முடிகிறது.

இந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆட்டத்தை ஆடிப் பார்க்காமல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பழக்கம் எங்கும் தெரிகிறது. ஒரே மூச்சில் எதிரணியை வாரிச் சாய்க்கும் 'ஸ்வீப்பர்' துப்புரவாளர் ஆகிவிட்டார். சூறையாடுவது என்று தமிழில் சொல்வதே அந்தச் செயலைத்தான், 'சூறையாடி' என்றால் என்ன குறை? 'செக்' என்பது சரிபார்ப்பு ஆனது, 'கவுண்டர்' எதிரி ஆனது. அணி கட்டுபவர் முதலில் கற்க வேண்டிய வேறுபாடே இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. எதிரியின் அடியை வாங்கிக்கொண்டே களத்துக்குள் மாறி வந்து, அதன் பிறகும் அவரை வெல்ல வல்லது கவுண்டர்; நஞ்சுமுறிவு என்பதுபோல அதை 'முறிவு' எனலாம். அடி படாமல் உள்ளே வர வாய்ப்புக் கிடைத்தால் மட்டும் வெல்ல வல்லது செக். அதற்குத் 'தடுப்பு' போதும். கிரேட் டஸ்க்குக்கு முன்னால் கோல்டெங்கோவின் நிலையைப் பாருங்கள்: கிரேட் டஸ்க்கின் சண்டை வகைத் தாக்குதலோ 'ராப்பிட் ஸ்பின்'னோ வரும் என்று சரியாக ஊகித்தால் காயமின்றி உள்ளே வரலாம், நில வகைத் தாக்குதல் வந்தால் பேரடிதான். இத்தகைய போக்கிமானை முறிவு என்று எண்ணி அணியைக் கட்டியவர் வெள்ளோட்டத்தில் ஏன் தோற்றோம் என்று விழிப்பார். அவர் படித்த குறிப்பில் அதற்குச் 'சரிபார்ப்பு' என்று எழுதியிருந்தால் அந்த விழிப்பு இன்னும் சில வாரங்கள் நீளும்.