ஜேஆர்எஃப் கிடைத்தாயிற்று, பணம் ஏன் வரவில்லை?

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கி, பார்த்த வேலையையும் விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்த பிள்ளைகள், மாதக்கணக்கில் கடன் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2023 ஜனவரி முதல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தருவது முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆன பிறகு 42,000. மொத்தம் 5 ஆண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

முதல் அடி விண்ணப்பத்திலேயே விழும். ஜேஆர்எஃப் வயது வரம்பில் ஓபிசி (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்தவர் பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இல்லையென்றால் பொதுப் பிரிவுதான், முதலிலேயே பார்த்துவிடுங்கள். விவசாய வருமானத்தையும் கூட்டி, கிரீமிலேயர் வரம்பைச் சொல்லி "எட்டு லட்சம் தாண்டுதே" என்று தாலுகா அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். அதைக் கூட்டக் கூடாது என்று 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசு ஆணையே சொல்கிறது. நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது அவார்டு லெட்டர், அதாவது ஜேஆர்எஃப் கிடைத்ததற்கான கடிதம். அதற்கு ஆயுள் 3 ஆண்டு. அதற்குள் பிஎச்டி பதிவு முடிய வேண்டும். தாராளமான அவகாசம் போலத் தெரியும், கைடு தேடும்போதுதான் உண்மை தெரியும். ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியரிடம் 8 பிஎச்டி மாணவர்கள், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 என்பதுதான் உச்ச வரம்பு. ஓய்வு பெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. "அடுத்த செமஸ்டர்ல பார்க்கலாம்பா" என்று ஒருவர் அன்பாகச் சொன்னால், அவரிடம் இடம் உண்மையில் காலியாக இருக்கிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் காத்திருந்து ஜேஆர்எஃப்பையே இழந்தவர்கள் உண்டு.

பதிவு முடிந்தாலும் அலைச்சல் ஓயாது. உதவித்தொகை வருவது கனரா வங்கி வழியாக. பல்கலைக்கழகம் அந்த வங்கியின் இணையதளத்தில் மாதா மாதம் உங்களுக்கு ஒப்புதல் போட வேண்டும். ஒருவர் 'மேக்கர்', அவர் பதிவதைச் சரிபார்ப்பவர் 'செக்கர்'. இரண்டாமவர் லீவில் போனால் அந்த மாதம் பணம் இல்லை. செக்ஷனில் "பேங்க்ல கேளுங்க" என்பார்கள். வங்கியில் "யுனிவர்சிட்டியில கேளுங்க" என்பார்கள். மேக்கர் பதிந்தாரா, எந்தத் தேதியில், செக்கர் அனுமதித்தாரா என்று குறிப்பாகக் கேளுங்கள். நின்றுபோன மாதங்களுக்கு நிலுவை கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் அங்கே நிற்காது.

விடுதியில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்றால் வீட்டு வாடகைப் படி போய்விடும். இடம் இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

2 ஆண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் தானாக வராது. வெளியிலிருந்து ஒரு நிபுணரும் இருக்கும் குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தேதி கேட்டு 3 மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால், கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேட்டுப் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.