பரண்மேல் இருக்கும் நெகட்டிவைக் கழுவாதீர்கள்

இந்த மாதம் எங்கள் போட்டோ லேபுக்கு மறுபடியும் ஒருவர். எழுபதைத் தாண்டிய ஸ்டில் போட்டோகிராபர். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண ஆல்பம், தன் மனசுக்கு உப்பளமும் மாட்டுச்சந்தையும் என்று ஆயுசு முழுக்கப் படமெடுத்தவர். இருபது வருடத்துக்கு மேல் கேமராவைத் தொடாமல் இருந்துவிட்டு, பேரப்பிள்ளைகள் தூண்டியதில் மீண்டும் கண்காட்சி வைக்கக் கிளம்பியிருக்கிறார். ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்ட் கருப்பு வெள்ளை பிலிம் ரோல்கள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. "தாத்தாவுக்கு உதவி" என்று பிள்ளைகள் அவற்றை ஷாம்பு போட்டுக் கழுவி, கொடியில் காயவைத்துக் கொண்டு வந்தார்கள். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். உப்பு வாரும் பெண்ணின் கூடை இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிலிம்.

பிலிமில் படத்தைத் தாங்கியிருப்பது ஜெலட்டின் படலம். பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து போகும். அழுக்கோடு படமும் வந்துவிடும். தயவுசெய்து கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "பரவாயில்லை சார், பழைய பிரிண்டை போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறோம், அதைப் பெரிசு பண்ணுங்க." முடியாது. நூறு முறை சொல்லிவிட்டேன், முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 53 பிக்சல்கூட ஒழுங்காக வராது. அதே 35 எம்எம் நெகட்டிவை நல்ல ஸ்கேனரில் 4000 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) எடுத்தால் 5600 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். போனில் பளிச்சென்று தெரிவது திரை சின்னது என்பதால்தான். மென்பொருள் வைத்து "கூர்மை" ஏற்றலாம், ஆனால் அதில் வருவது அவர் பார்த்த முகமல்ல, கணினி கற்பனை செய்த முகம். சுவரில் அதை மாட்டி அடியில் அவர் பெயரைப் போட எனக்கு மனசு வராது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா 1970-இல் கேமராவை வைத்துவிட்டார். டெல்லியில் நவீன கலைக்கான தேசியக் கூடம் அவருடைய படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தது 2010-இல். நாற்பது வருடம் கழித்தும் அது நடக்க முடிந்ததற்குக் காரணம், காட்டுவதற்குப் படங்கள் மிச்சம் இருந்தன.

பரணிலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். ஓட்டுச் சூட்டில் எதுவும் தங்காது. பிலிமில் வினிகர் வாடை அடித்தால் அந்த ரோலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, அதை முதலில் ஸ்கேனுக்குக் கொடுங்கள். பிவிசி உறை வேண்டாம், நம் கடலோர ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறையும், காற்றுப்புகாத டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் மாற்றவேண்டும், போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஸ்கேன் முடிந்தது என்று நெகட்டிவைக் குப்பையில் போடுகிறவர்களை என்ன சொல்வது! ஃப்ரேம் போடும்போது கண்ணாடி பிரிண்டில் படாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஹால் புக் பண்ணும் முன் நெகட்டிவோடு லேபுக்கு வாருங்கள், தேதி குறித்த பிறகு அல்ல.

பெரியவர் நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று அவர் சொல்லச் சொல்ல உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். நெகட்டிவை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அழுத்தம் பிலிமில் பதிந்துவிடும்.