ஒரு மணி நேரத்தில் கல்லாகும் பனி

வீட்டுப் பாதையில் கிடந்த பனியை அள்ளி முடித்து நிமிரும்போதுதான் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வரும். வந்து, வாசலை அடைத்து ஒரு பனி வரப்பைப் போட்டுவிட்டுப் போகும். பனி பொழியும் நாடுகளின் கிராமப்புறத்தில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதில் ஷவல் இறங்காது. வெயிலும் இல்லை, பனி உருகி மறுபடி உறையவும் இல்லை. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியிலேயே நின்றது. பிறகு எப்படி இறுகியது?

நமக்குத்தான் மைனஸ் 10 என்பது குளிர். பனிக்கட்டியைப் பொறுத்தவரை அது கொதிப்பான நிலை. குளிரின் கடைசி எல்லையைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் கெல்வின் அளவில் பனி உருகுவது 273இல். மைனஸ் 10 என்பது 263. அதாவது உருகுநிலையில் 96 சதவீதம். 1538 டிகிரி செல்சியஸில் உருகும் இரும்பை இதே கணக்கில் வைத்தால், ஏறக்குறைய 1470 டிகிரியில் தகதகக்கும் இரும்பு அது! அந்த நிலையில் மேற்பரப்பு மூலக்கூறுகள் சும்மா இருக்காது. ஓரிடத்திலிருந்து ஆவியாகி இன்னோரிடத்தில் படியும். இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் அவை அதிகம் சேர, அங்கே ஒரு பனிக் கழுத்து வளர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும். உலோகப் பொடியை உருக்காமலே சூடேற்றிக் கெட்டிப்படுத்துகிறார்களே, அதே சிண்டரிங்தான் இது.

புதிதாக விழுந்த பனியில் கிளை விட்ட படிகங்கள் அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், மீதியெல்லாம் காற்று. வண்டி தள்ளும்போது கிளைகள் நொறுங்கிப் பொடியாகி நெருக்கமாக அடைந்துவிடுகின்றன. தொடும் இடங்கள் பெருகுவதால் ஒட்டுவதும் வேகமாகிறது. பாதையில் நாம் மிதித்த காலடித் தடங்கள் மட்டும் தரையோடு பிடித்துக்கொண்டு வர மறுப்பதும் இதனால்தான். நடப்பதற்கு முன்பே அள்ளிவிடுவது எவ்வளவோ மேல்.

எடையும் ஏறும். 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாதையில் 20 சென்டிமீட்டர் பனி என்றால் 2 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ உள்ள புதுப் பனியானால் 200 கிலோ. ஈரம் ஏறிய பனி கன மீட்டருக்கு 300 கிலோவைத் தொடும். அப்போது அதே கன அளவுக்கு 600 கிலோ. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது இதை மூச்சைப் பிடித்துத் தூக்குவது இதயத்துக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்தவரை தூக்காமல் தள்ளுங்கள்.

உப்பைக் கொட்டிக் கரைத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உப்பு வெப்பம் தராது, உறைநிலையைத்தான் இறக்கும். உருகிய நீரில் கலந்து, அது மறுபடி பனியாவதைத் தடுக்கும். வெப்பம் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தாக வேண்டும். சாதாரண உப்புக்குக் கோட்பாட்டளவில் எல்லை மைனஸ் 21 டிகிரி, ஆனால் மைனஸ் 10ஐத் தாண்டினாலே சோம்பிவிடும். கால்சியம் குளோரைடு இன்னும் கீழே வரை வேலை செய்யும், கரையும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். மணல் எதையும் உருக்காது, வழுக்காமல் பிடி மட்டும் கொடுக்கும்.

ஆக, குவியலின் மேல் உப்பைக் கொட்டுவது வீண் செலவு, செடிகளுக்கும் கேடு. உப்புக்கு உரிய இடம் பனிக்கும் தரைக்கும் நடுவே. பனி விழத் தொடங்கும் முன்பே மெல்லத் தூவிவிட்டால் அடியில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும். தரையில் ஒட்ட வழியில்லாத பனியை ஷவல் ஒரே தள்ளில் வழித்துக்கொண்டு போகும்.