திம்சம்: ஒரு சொல் விளக்கம்

சென்னையிலும் கோவையிலும் கொஞ்சம் பெரிய உணவகங்களின் மெனு அட்டையில் இப்போது 'டிம் சம்' என்றொரு வரி இருக்கிறது. 'ஆறு டிம் சம் கொடுங்க' என்று பக்கத்து மேசையில் கேட்பதும் காதில் விழுகிறது. வருவது என்னவோ பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சின்னக் கொழுக்கட்டைகள். அதனால் சீனக் கொழுக்கட்டைக்குப் பெயரே டிம் சம்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது சரியில்லை. வெளியூரிலிருந்து வந்தவரிடம் இட்லியைக் காட்டி 'இதன் பெயர் டிபன்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? இட்லி டிபன்தான். ஆனால் பொங்கலும் டிபன், வடையும் டிபன், கேசரியும் டிபன். 'ஆறு டிபன் கொடுங்க' என்று யாரும் ஆறு இட்லி கேட்பதில்லை. டிம் சம் (இனி 'திம்சம்' என்றே எழுதுகிறேன், காரணம் பின்னால்) என்ற சொல்லும் அப்படித்தான். அது ஒரு பண்டத்தின் பெயர் இல்லை, ஒரு வகையின் பெயர். ஹாங்காங்கில் இந்தத் தலைப்புக்குக் கீழே இறால் கொழுக்கட்டையும் வரும், தேன் தடவிச் சுட்ட பன்றிக்கறி வைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை பன்னும் வரும். அரிசி மாவைத் துணிபோல மெல்லிசாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டிய சோங் ஃபன், வாணலியில் பொன்னிறமாக வாட்டிய முள்ளங்கிப் பணியாரத் துண்டு, 'ஃபீனிக்ஸ் நகம்' என்று அழகாகப் பெயர் வைத்த கோழிக்கால், முட்டைக் கூழ் நிறைத்த டார்ட் என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்கு மேல் கொழுக்கட்டையே இல்லை.

சீனத்தில் இது இரண்டு எழுத்துச் சொல். முதல் எழுத்துக்குப் 'புள்ளி' என்று பொருள். வினையாக வந்தால் புள்ளி வைப்பது, லேசாகத் தொடுவது, விளக்கேற்றுவது, உணவகத்தில் இன்னது வேண்டும் என்று சொல்வது என்று பல வேலை செய்யும். இரண்டாவது எழுத்து 'நெஞ்சு'. மனம், நடு என்றும் பொருள்படும். இரண்டையும் ஒட்டவைத்து 'இதயத்தைத் தொடுவது' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பழைய வழக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் எளியது. பசியில் காய்ந்து கிடக்கும் நெஞ்சுக்கு ஒரு துளி வைப்பது, அதாவது பெரிய சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சமாக எதையாவது உள்ளே தள்ளுவது.

12ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று, இந்தச் சொல் தாங் அரசர் காலத்திலிருந்தே (618–907) வழங்குகிறது என்று சொல்லி ஒரு வீட்டுக் காட்சியைத் தருகிறது. ஓர் அதிகாரியின் மனைவிக்குக் காலை உணவு வந்துவிட்டது. அவர் ஒப்பனை இன்னும் முடியவில்லை. தம்பியைப் பார்த்து, 'நான் இப்போது சாப்பிட முடியாது, நீ முதலில் கொஞ்சம் திம்சம்' என்கிறார். இங்கே அது பெயர்ச்சொல் இல்லை, வினை. 'நீ முதலில் கொஞ்சம் பசியாறிக்கொள்' என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது தெஷான் என்ற பௌத்தத் துறவியின் கதை. தாங் காலத்தவர், 782 முதல் 865 வரை வாழ்ந்தவர். வச்சிரச் சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு உரை சொல்வதில் பெரிய புலி. தெற்கே தியான மார்க்கத்தார் (நம் 'தியானம்'தான் அங்கே 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது) தப்பும் தவறுமாகப் போதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உரைச் சுவடிகளை மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு வாதுக்குப் புறப்பட்டார். வழியில் பசி. ஒரு பாட்டி பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். திம்சத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். மூட்டையில் என்ன என்று பாட்டி விசாரித்தார். வச்சிரச் சூத்திர உரை என்றதும், 'ஒரு கேள்வி கேட்கிறேன். பதில் சொன்னால் பலகாரம் இலவசம், சொல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள்' என்றார். 'சென்ற மனத்தைப் பிடிக்க முடியாது, இப்போதுள்ள மனத்தைப் பிடிக்க முடியாது, வரும் மனத்தையும் பிடிக்க முடியாது என்று உங்கள் சூத்திரம் சொல்கிறது. நீங்கள் எந்த மனத்துக்குப் புள்ளி வைக்கப்போகிறீர்கள்?' துறவியால் வாய் திறக்க முடியவில்லை.

கேள்வி முழுக்க அந்த இரண்டு எழுத்தின் மேல் நிற்கிறது. பேச்சில் ஒட்டிக் கிடந்த சொல்லைப் பாட்டி பிரித்துப் போட்டுவிட்டார். கடைக்காரப் பாட்டியின் வாயில் வைக்கும் அளவுக்கு அது சாதாரணச் சொல்லாக இருந்திருக்கிறது.

வட சீனத்தில் இன்றும் இந்தச் சொல்லுக்குப் பொதுப் பொருள்தான். மாண்டரினில் 'தியன்ஷின்' என்பார்கள். பெய்ஜிங்கில் அதைச் சொன்னால் இனிப்புப் பண்டம், பிஸ்கட் என்று எது வேண்டுமானாலும் நினைவுக்கு வரும். நாம் கேள்விப்படும் குறுகிய பொருள் தெற்கே குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் தேநீர்க் கடைகளில் உருவானது. அங்கே முதன்மை தேநீர்தான். இந்த வகைச் சாப்பாட்டுக்குப் போவதை அவர்கள் 'யம் சா' என்கிறார்கள். நேர்ப்பொருள் 'தேநீர் குடிப்பது'. 'காபி சாப்பிடப் போகலாம்' என்று கிளம்பி இரண்டு இட்லி, ஒரு வடை முடித்துவிட்டு வருகிற நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'ஒரு கிண்ணம், இரண்டு உருப்படி' என்பது அங்கே பழைய வழக்கு. மூடி போட்ட கிண்ணத்தில் தேநீர், கூடவே இரண்டு பண்டம், கையில் செய்தித்தாள்.

அந்த எளிய பழக்கம்தான் இன்று நட்சத்திர ஹோட்டல் வரை ஏறியிருக்கிறது. ஹாங்காங் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் 'லங் கிங் ஹீன்' உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் கையேட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்றது. உலகில் அதைப் பெற்ற முதல் சீன உணவகம் அதுதான். அங்கே திம்சம் செய்துகொண்டிருந்த சமையல்காரர் ஒருவர் வெளியே வந்து மொங் கொக் பகுதியில் திறந்த குட்டிக் கடைக்கு அடுத்த பதிப்பிலேயே ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

உயர்தர உணவகத்தில் தள்ளுவண்டி வராது. பெரிய பழைய கூடங்களில்தான் பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பண்டத்தின் பெயரைக் கூவிக்கொண்டு வருவார்கள். உயர்தர உணவகத்தில் நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, 'என்ன தேநீர்?' கருத்த பூஏர், மல்லிகை, தியே குவான் யின் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனிக் கணக்கு வரும். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு ஜோடி குச்சிகள் இருக்கும். ஒன்று பொதுத் தட்டிலிருந்து எடுக்க, மற்றது வாய்க்கு. யாராவது உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுவது நன்றி. மாறுவேடத்தில் போன 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியன்லாங் தன் ஆட்களுக்குத் தேநீர் ஊற்ற, விழுந்து வணங்க முடியாமல் அவர்கள் விரலை மடக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிறகு மூங்கில் கூடை வரும். மூடியை எடுத்து ஆவி விலகியதும் நாலு இறால் கொழுக்கட்டை. தோல் வழியாக இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மடிப்பு இருக்கும். ஏழுக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டினால் தேர்ந்த கை என்பார்கள். குச்சியால் தூக்கும்போது அடித்தாளில் ஒட்டிக் கிழிந்தால் அந்தச் சமையலறைக்கு மதிப்பெண் போச்சு. மேல்மாவு கோதுமையிலிருந்து புரதத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் வெள்ளை மாவு. அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித்தான் பிசைவார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு நம் வீட்டில் அரிசி மாவுக்குச் செய்வதும் இதுதான். நாம் விரலால் செப்பு பிடிக்கிறோம், அவர்கள் எண்ணெய் தடவிய மழுங்கல் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அழுத்தாக அழுத்தி வட்டமாக்குகிறார்கள். அதனால் இந்தப் பண்டத்துக்கு 'இறால் கொழுக்கட்டை' என்பதைவிட நல்ல தமிழ்ப் பெயர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வகைப் பெயருக்கு என்ன சொல்வது? 'நொறுக்குத்தீனி' என்று சிலர் எழுதுகிறார்கள். மெத்தென்று ஆவியில் வெந்த பண்டத்துக்கு அது பொருந்தாது. 'பலகாரம்' என்றால் தீபாவளி வாசனை வந்துவிடுகிறது. 'சிற்றுண்டி' சரியான சொல். வட சீனப் பொதுப் பொருளுக்கு அப்படியே ஈடாகும். ஆனால் குவாங்சோ மேசையை மட்டும் அது சுட்டாது. வினைக்கு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காலை உணவு அவர்களுக்குப் 'பசியாறல்'. 'பசியாறிட்டீங்களா?' என்றுதான் விசாரிப்பார்கள். தாங் காலத்து அக்கா தம்பியிடம் சொன்னதும் இந்தச் சொல்தான். யம் சாவைத் 'தேநீர்ப் பசியாறல்' என்று எழுதினால் எனக்கு மனநிறைவு.

பண்ட வகைக்கு மூலப் பெயரையே வைத்துக்கொள்ளலாம், இட்லியை உலகம் இட்லி என்பதுபோல. ஆனால் எழுத்தைத் திருத்த வேண்டும். 'டிம்' என்பது ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாக வந்தது. குவாங்சோ, ஹாங்காங் பேச்சான கான்டனீஸில் முதல் ஒலி அழுத்தமோ மூச்சோ இல்லாத மெல்லிய 'த'. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் நாம் எழுதும் 'தி' ஏறக்குறைய அதே ஒலி. பின்பாதியில் வரும் உயிர் குறுகிய 'அ'. நெடிலாகச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும் என்பதில் அவர்களும் நம்மைப் போலவே கவனமானவர்கள். ஆக, அம்சம் என்று சொல்வதுபோல 'திம்சம்' என்று எழுதி, எழுதியபடியே படித்தால் போதும்.

'தேநீர்' என்ற சொல்லிலும் இதே சீனத் தெற்கு கலந்திருக்கிறது. நம் 'தேயிலை', 'தேநீர்' இவற்றில் உள்ள 'தே' ஃபூஜியன் கடற்கரையின் ஹொக்கியன் பேச்சிலிருந்து கப்பலேறியது. கான்டனீஸ்காரர்கள் சொல்லும் 'சா'வின் உறவு நம் 'சாயா'வில் இருக்கிறது. அந்த மேசையில் தேநீர் தீர்ந்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டாம். கூஜாவின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும், வந்து நிரப்பிவிடுவார்கள்.