விற்பனை கூடுகிறது, சம்பளத்துக்குக் காசில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் கணக்காளராக இருக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்கிய இளம் ஆட்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, லாபம் வருது, ஆனா காசு எங்க போகுதெண்டு விளங்கேல்ல." சரக்கு விலைபோகாமல் மூடிய தொழில்களும் உண்டு. ஆனால் ஓடர் குவியும்போதே மூச்சுத் திணறியவற்றைத்தான் நான் கூடுதலாகப் பார்க்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் சீனிச்சம்பல் போத்தலில் அடைத்து விற்கும் ஒரு தங்கச்சி. பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்தவரை அடுத்த கிழமையே காசு கைக்கு வந்தது. பிறகு பெரிய சுப்பர் மார்க்கெட் ஒன்றில் இடம் கிடைத்தது. 60 நாள் கடன்: சரக்குக்கான காசு 60 நாள் கழித்துத்தான். வீட்டில் கேக் வெட்டினார்களாம்.

கணக்கைப் பாருங்கள். மாத விற்பனை 10 இலட்சம், அதற்கான செலவு 8 இலட்சம் என்று வைப்போம். புறக்கோட்டை மொத்தச் சந்தையில் வெங்காயத்துக்குக் கைக்காசு, போத்தலுக்கும் கைக்காசு, வேலையாட்களுக்கு மாதம் முடிந்ததும் சம்பளம். முதல் செக் வருமுன் ஏறக்குறைய 16 இலட்சம் வெளியே நிற்கும். ஓடர் இரட்டிப்பானால் 32 இலட்சம். இன்னும் 16 இலட்சம் போட்டால்தான் மாதம் 2 இலட்சம் கூடுதல் லாபம். அதுவும் 60 நாள் கழித்து. இந்த இடைவெளியை நிரப்ப நகை அடகுக்குப் போகிறது, அல்லது இனி வரப்போகும் திகதியைப் போட்டுச் செக் எழுதத் தொடங்குகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. கணக்கில் காசில்லாமல் ஒரு செக் திரும்பினால் புறக்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

வளர்ந்து வற் (பெறுமதி சேர் வரி) பதிவுக்குள் போனதும் இன்னொரு அடி. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதம். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டவேண்டும். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வற்றைக் கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் வாடிக்கையாளர் இன்னும் தராத காசுக்கான வரியை நீங்கள் முந்திக் கட்டுகிறீர்கள்.

காசு முட்டும்போது ஊழியர் சேமலாப நிதியில் (EPF, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) கைவைப்பதை மட்டும் நான் மன்னிப்பதில்லை. 60,000 ரூபா சம்பளத்தில் ஊழியரிடம் கழிக்கும் 8 வீதம் 4,800 ரூபா. அது அவருடைய காசு. முதலாளி பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு (ETF) 3 வீதமும் சேர்த்து 9,000 ரூபா. சேமலாப நிதிக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், 12 மாதம் கடந்தால் 50 வீதம்வரை போகும். "இந்த மாசம் மட்டும் விடுவம்" என்று சொன்னவர்களின் கோவைகள் என் அலுமாரியில் தடித்துக்கொண்டே போகின்றன.

2022ஐ மறந்தவர்களும் உண்டு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 350ஐத் தாண்டியது. பழைய விலைக்கு ஓடர் ஏற்றுப் புதிய விலைக்கு இறக்குமதிப் பொருள் வாங்கியவர்கள் நல்ல வியாபாரம் செய்துகொண்டே கரைந்தார்கள்.

ஆகவே முதலீட்டாளருக்குக் காட்டும் ஐந்து வருடத் திட்டம் இருக்கட்டும். எனக்கு அடுத்த 13 கிழமைக் காசு வரவு செலவைக் கிழமை வாரியாக எழுதி வாருங்கள். "விற்பனை" என்று எழுதவேண்டாம், செக் வங்கியில் மாறும் கிழமையில் எழுதுங்கள். பெரிய ஓடரில் கையெழுத்து வைக்குமுன் வாங்குபவரின் கணக்குப் பகுதியில் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: 60 நாள் எங்கிருந்து எண்ணுகிறீர்கள்? சரக்கு இறக்கிய நாளிலிருந்தா, அந்த மாத முடிவிலிருந்தா? மாத முடிவு என்றால் 2ஆம் திகதி இறக்கிய சரக்குக்குக் கிட்டத்தட்ட 90 நாள். அப்போது 28ஆம் திகதி இறக்குங்கள், அல்லது விலையைக் கொஞ்சம் குறைத்து 30 நாளுக்குப் பேசுங்கள். விற்காமல் திரும்பி வரும் போத்தல் யார் தலையில் விழும் என்பதையும் அதே நேரம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.